தளவிளைவுற்ற ஒளியில் திசுக்களைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோல் போன்ற திசுவுக்குள் நுழையும் கட்புல ஒளி, ஏறத்தாழ பத்தில் ஒரு மில்லிமீட்டர் செல்வதற்குள்ளேயே சிதறத் தொடங்கி, ஒரு மில்லிமீட்டர் அளவில் தன் தொடக்கத் திசையை இழந்துவிடுகிறது. பலமுறை சிதறிய ஒளி தளவிளைவையும், அதாவது அலைகள் ஒரே ஒழுங்கில் அதிரும் பண்பையும், இழப்பதால், ஆய்வியை (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டியை) ஒளியின் அதிர்வுத் தளத்துக்கு இணையாக வைத்தெடுத்த படத்திலிருந்து குறுக்காக வைத்தெடுத்த படத்தைக் கழித்தால், ஆழத்திலிருந்து வரும் மங்கல் பெரும்பாலும் நீங்கி மேலடுக்கு தெளிவாகத் தெரியும். பெரும்பாலான தவறுகள் இந்தக் கழித்தலை அளவுக்கு மீறி நம்புவதிலிருந்தே பிறக்கின்றன.

மேற்பரப்புப் பளபளப்பு தளவிளைவை இழக்காமல் இணைப்படத்தில் முழுமையாகச் சேர்வதால், கழித்த பின்னும் அது அப்படியே எஞ்சும். ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி, ஒளிவிலகல் எண் பொருந்தும் கூழைப் பூசிக் கண்ணாடித் தகட்டை அழுத்தி வைத்தால், பளபளப்பு கேமராவுக்குள் வராமல் விலகிச் செல்லும்.

இதைவிட நுட்பமான தவறு, தளவிளைவின் அளவு கூடிய இடத்தில் சிதறல் குறைவு என்று உடனே முடிவுகட்டுவது. இரத்தமோ மெலனினோ மிகுந்த பகுதியில், நீண்ட பாதையில் அலைந்து தளவிளைவை இழந்த ஒளியே அதிகம் உறிஞ்சப்படுகிறது. குறுகிய பாதையில் திரும்பிய ஒளி தப்பி வருகிறது. ஆகவே திசுவின் கட்டமைப்பு மாறாதபோதும் இருண்ட பகுதி கூடுதல் தளவிளைவைக் காட்டும். இருண்ட பரப்புகளின் இந்த இயல்பை ரஷ்ய இயற்பியலாளர் உமோவ் 1905-லேயே குறிப்பிட்டிருக்கிறார். மச்சத்தையோ கட்டியையோ ஆராய்பவர், உறிஞ்சல் வேறுபடும் இரு அலைநீளங்களிலாவது படமெடுத்து ஒப்பிடாமல் எதையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. தளவிளைவு குறைந்து தெரிவதற்கும் சிதறல் ஒன்றே காரணமாகாது: கொலாஜன் இழைகளின் இரட்டை விலகல் (அதிரும் திசைக்கேற்ப ஒளியின் வேகம் வேறுபடுவது) தளவிளைவு நிலையை மாற்றிவிட்டால், இரண்டே படங்களைக் கொண்டு அதைச் சிதறலிலிருந்து பிரித்தறிய இயலாது.

வட்டத் தளவிளைவு, அதாவது அதிர்வுத் திசை ஒரே தளத்தில் நிற்காமல் சுழன்றபடி செல்வது, எப்போதும் ஆழமாக நிலைக்கும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. அலைநீளத்தைவிடப் பெரிய நுண்கோளங்கள் மிதக்கும் மாதிரித் திரவங்களில் அது உண்மைதான். ஆனால் சிறிய சிதறல் துகள்களும் இழைகளும் கலந்த திசுக்களில், ஒரே தளத்தில் அதிரும் நேர்கோட்டுத் தளவிளைவே நீடிக்கக்கூடும். நுண்கோளத் திரவத்தில் பெற்ற முடிவை அப்படியே திசுவுக்குப் பொருத்தக் கூடாது.

முழு விவரத்துக்காக, திசு தளவிளைவை எப்படியெல்லாம் மாற்றுகிறது என்பதைக் காட்டும் 16 உறுப்புகள் கொண்ட மியூல்லர் அணியை அளப்பவர்கள், கருவியின் குறையைத் திசுவின் பண்பாகப் படித்துவிடும் ஆபத்து உண்டு. கற்றை பிரிப்பானும், தகைவுக்கு உள்ளான லென்சும், வேறோர் அலைநீளத்துக்காகச் செய்யப்பட்ட கால் அலைத்தகடும் (நேர்கோட்டுத் தளவிளைவை வட்டமாக மாற்றும் தகடு) தளவிளைவை மாற்றக்கூடியவை. எனவே பண்பறிந்த தளவிளைவாக்கியையும் அலைத்தகட்டையும் கொண்டு அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். மேலும், அந்த அணியை எளிய அணிகளின் பெருக்கலாகப் பகுக்கும்போது பெருக்கல் வரிசை மாறினால் விடையும் மாறும் என்பதால், எந்த வரிசையில் பகுத்தோம் என்பதை முடிவுகளோடு எழுதிவைப்பது அவசியம்.

கேமராவின் தானியங்கிப் பிரகாசச் சரிசெய்தலை அணைத்து, ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான தரவையே சேமித்து, இருள்படத்தை (ஒளி புகாமல் எடுத்த படத்தை) கழித்த பிறகே படங்களை ஒன்றோடொன்று கழிக்க வேண்டும். உயிருள்ள உடலில், இரு படங்களுக்கிடையே மூச்சாலும் நாடித்துடிப்பாலும் ஏற்படும் சிறு நகர்வுகூட விளிம்புகளில் பொய்யான வேறுபாட்டைத் தோற்றுவிக்கும். இயன்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும், இயலாவிட்டால் கழிப்பதற்கு முன் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொள்ள வேண்டும்.