கோயில் கூடத்தில் மேட்ச் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டி. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் கூடத்துத் திரையில் கடைசி ஓவர் இன்னும் தொடங்கவில்லை. தென்னாப்பிரிக்காவுக்கு 16 ரன் வேண்டும், மில்லர் நிற்கிறார். கூடத்தில் பாதிப் பேர் தென்னாப்பிரிக்கா பக்கம், மீதிப் பேர் இந்தியா பக்கம். அதற்குள் பக்கத்து வீட்டில் ஒரே கூச்சல். "மில்லர் அவுட்டாம் அண்ணா!" என்று வாசலிலிருந்து ஒரு பையன் கத்தினான். சூர்யகுமார் எல்லைக்கோட்டில் அந்தப் பந்தைப் பிடித்ததை நாங்கள் அரை நிமிடம் கழித்துத்தான் பார்த்தோம். பார்த்து என்ன பயன்?

லேப்டாப்பை ப்ரொஜெக்டரில் செருகி இணையம் வழியாக மேட்ச் போட்டது நான்தான். 2027 அக்டோபர், நவம்பரில் ஒருநாள் உலகக் கோப்பை இங்கேயே வருகிறது. எங்கள் ஊர் கிங்ஸ்மீட் மைதானத்திலும் ஆட்டம் உண்டு. மறுபடி எல்லோரிடமும் பேச்சு வாங்க என்னால் முடியாது.

"சாட்டிலைட் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, தாமதம் ஆகத்தானே செய்யும்" என்று அன்று ஒரு தாத்தா சமாதானம் சொன்னார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் சிக்னல் மேலே போய்க் கீழே வர ஏறக்குறைய கால் வினாடி போதும். படத்தைச் சுருக்கி அனுப்பி, வீட்டுப் பெட்டியில் மறுபடி விரிப்பதற்குத்தான் சில வினாடிகள் பிடிக்கின்றன. இணையத்தில் கதை வேறு. அங்கே படத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்புகிறார்கள். ஒரு துண்டு 6 வினாடி என்று வைத்துக்கொண்டால், மூன்று துண்டு கைக்கு வந்த பிறகே ஓட்டத் தொடங்கும் ப்ளேயரில் அங்கேயே 18 வினாடி போய்விடும். மற்ற வேலைகளையும் கூட்டினால் அரை நிமிடம். கூட்டத்துக்குக் காட்டுவதாக இருந்தால் டிஷ்தான் சரி. ஸ்கோர் ஆப் அந்த டிஷ்ஷையும் முந்திவிடும் என்பதால் போன்களை மௌனமாக்கச் சொல்லுங்கள். டிவி படத்துக்கு ரேடியோ வர்ணனையைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ரேடியோ முந்திக்கொள்ளும், திரையில் பந்து வீசும் முன்பே விக்கெட் விழும்.

அடுத்தது மழை. அக்டோபர், நவம்பர் டர்பனில் இடிமழைக் காலம். டிஷ்ஷுக்கு வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான், கனமழை அதை உறிஞ்சிவிடும். பழைய காலத்து டிவி படம், சிக்னல் குறையக் குறையக் கொஞ்சம் கொஞ்சமாகப் புள்ளி விழுந்து மங்கும். டிஜிட்டல் படமோ கடைசிவரை பளிச்சென்று இருந்துவிட்டு, ஒரே நொடியில் கட்டம் கட்டமாக உடையும். அதனால் 'படம் நன்றாகத்தானே வருகிறது' என்று வெயில் நாளில் முடிவு கட்டக் கூடாது. செட்டிங்கில் சிக்னலின் வலிமை, தரம் என்று இரண்டு அளவு இருக்கும். எல்லோரும் வலிமையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது தரத்தை. தரம் குறைவென்றால் பூஸ்டர் வாங்கி மாட்டாதீர்கள். அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். வடகிழக்கைப் பார்த்து நிற்கும் 80 சென்டிமீட்டர் டிஷ் ஒரு டிகிரி விலகினாலே ஏறக்குறைய பாதிச் சக்தி போய்விடும். முதலில் அதைத் திருத்துங்கள். பிறகு கேபிள் முனைகளைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர்க் கடல்காற்றில் அவை பச்சை பூத்துக் கிடக்கும்.

சத்தத்தைக் கெடுப்பதும் நாம்தான். 2010 கால்பந்து உலகக் கோப்பையில் வுவுசேலா என்ற பிளாஸ்டிக் ஊதுகுழலின் இரைச்சலைக் குறைக்க ஆளாளுக்கு டிவியில் பேஸைக் (தாழ்ந்த ஒலியை) குறைத்தார்கள். அந்த ஊதலின் அடிச்சுரம் சுமார் 235 ஹெர்ட்ஸ். மனிதக் குரலும் அங்கேதான் நடமாடுகிறது. வர்ணனையாளர் தகர டப்பாவுக்குள் இருந்து பேசியது போல ஆனதுதான் மிச்சம்.

வீட்டுச் சந்தாவை வைத்து ஊருக்கே காட்டலாமா என்றால், கூடாது. பொது இடத்துக்குத் தனி அனுமதி வேண்டும்.

மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள், அதில் எதெதெல்லாம் செருகியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். எங்கள் கூடத்தில் ப்ரொஜெக்டர் இருந்தது, டிஷ் பெட்டி இருந்தது. சிக்னலை இரண்டு அறைக்குப் பிரிக்கும் பெட்டி மட்டும் கூரைக்கடியில் சாதாரண ப்ளக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.