சொல்லிக்கொடுப்பவருக்கும் கூலி போடுங்கள்

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற வழியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற சின்ன யூனிட் ஒன்று நடத்துகிறேன். பதினேழு வயதில் தோலின் ஓரம் மடிக்கிற ஃபோல்டிங் மேஜையில் ஹெல்பராக உட்கார்ந்தவள் நான். இன்று என்னிடம் 38 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 29 பேர் பெண்கள். கம்பெனி தோலையும், துண்டு வெட்டுகிற அச்சான டையையும் அனுப்பும். நாங்கள் வெட்டி, ஓரத்தை மெல்லிசாகச் சீவி, மடித்து, தைத்துத் திருப்பி அனுப்புவோம். இந்த மாதிரி யூனிட் வைத்திருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆட்களின் திறமையில் பணம் போடுவது பெரிய கம்பெனிக்காரர்கள் வேலை என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன்.

அந்த நினைப்பு ஒரே மாதத்தில் போனது. எங்களிடம் தோல் வெட்டுகிற பெரியவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கு முப்பது வருட அனுபவம். கண் ஆபரேஷன் என்று மூன்று வாரம் லீவு எடுத்தார். டையை அழுத்தித் தோல் வெட்டுகிற கிளிக்கர் மெஷினில் அவருக்குக் கீழே இருந்த பையனை உட்கார வைத்தேன். மெஷினை அவன் நன்றாகவே ஓட்டினான். ஆனால் தோல் எந்தப் பக்கம் இழுபடும் என்று பார்த்து டை வைக்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஷூவின் முன்பக்கத் துண்டான வேம்ப்பில், விரல் முனையிலிருந்து குதிகால் நோக்கிப் போகிற திசையில் தோல் இழுபடாமல் இருக்க வேண்டும். அவன் இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று குறுக்கே வைத்து வெட்டிவிட்டான். தைத்தபோது ஒன்றும் தெரியவில்லை. கம்பெனியில் கால் வடிவ அச்சான லாஸ்டில் ஏற்றி இழுத்தபோது துண்டு நீண்டுகொண்டே போனது. நானூற்றுச் சொச்சம் ஜோடி ரிஜெக்ட். தோலின் விலை முழுதும் எங்கள் பில்லில் டெபிட் ஆனது.

பாய் திரும்பி வந்ததும், "ஏன் பாய், இதை அவனுக்குச் சொல்லித் தரலையா?" என்று கேட்டேன். "நான் ஜோடிக் கணக்குக் கூலிம்மா. அவன் பக்கத்துல நின்னா என் ஜோடி குறையும். என் வீட்டுக்கு யார் அரிசி வாங்குவா?" என்றார். இருபது வருடமாக நான் பார்க்காமல் விட்ட கணக்கு அது. தெரிந்தவர் சொல்லிக்கொடுத்தால் அவர் கூலி குறைகிறது. அந்த இழப்பை யூனிட் ஏற்காதவரை எந்த வித்தையும் கைமாறாது.

அதனால் முதல் வேலை, இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்குவது. வங்கியில் இன்னொரு கணக்கு திறந்து, மாத பில் வந்த அன்றே அதில் நூற்றுக்கு ஒன்று போட்டுவிடுங்கள். ஆறு லட்சம் பில் என்றால் ஆறாயிரம். கையிருப்பில் வைத்தால் டீசலுக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விடும், எனக்கு இரண்டு முறை போயிருக்கிறது. பாயின் கடைசி மூன்று மாதக் கூலியைக் கூட்டி, மணிக்குச் சராசரி எவ்வளவு என்று பார்த்தேன். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் அவர் டை அடிக்க வேண்டாம், சொல்லித்தந்தால் போதும், அந்த நேரத்துக்கு இந்தச் சராசரிக் கூலி என்று பேசிக்கொண்டோம். கற்றுக்கொள்கிறவருக்கும் அந்த நேரத்துக்குக் கூலி உண்டு.

கற்பதற்குத் தேர்ந்தெடுத்தது அந்தப் பையனையும், ஃபோல்டிங்கில் இருந்த ஒரு பெண்ணையும். கட்டிங்கில் பெண்களா என்று முணுமுணுத்தார்கள். தோலைத் தொட்டுப் பார்த்தே தடிப்பைச் சொல்கிற விரல் அவளுக்கு. அதைவிட வேறு தகுதி எனக்குத் தேவைப்படவில்லை.

பாய் சொல்லிக்கொடுத்த விதத்தை அப்படியே எழுதுகிறேன், உங்கள் யூனிட்டுக்கும் ஆகும். முதல் நாள் மெஷின் பக்கமே போகவிடவில்லை. ஒரு முழுத் தோலை மேஜையில் விரித்தார். நடுவில் முதுகெலும்பு ஓடிய கோட்டைச் சாக்பீஸால் போட்டார். பின்முதுகுப் பக்கம் தோல் இறுக்கமாக, நெருக்கமாக இருக்கும். வேம்ப் அங்கேதான் எடுக்க வேண்டும். வயிற்றுப் பக்கமும் தொடை இடுக்கும் தளர்ந்து கிடக்கும். நாக்குத் துண்டும் உள்ளே மறைகிற துண்டுகளும் அங்கே. பிறகு இரண்டு கட்டைவிரலையும் நாலு அங்குலம் தள்ளி வைத்து நெடுக்கே ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு. "கையைக் கேளு, கண்ணைக் கேக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உண்ணி கடித்த குழி, முள் கீறல், சூட்டுக் குறி, நரம்பு ஓடிய தடம் எல்லாவற்றையும் வட்டம் போடச் சொன்னார். இரண்டாவது வாரம்தான் டை கைக்கு வந்தது. அதுவும் மெஷினில் அடிக்காமல், தோல் மேல் டைகளை அடுக்கி, இடைவெளி குறைய மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது மட்டும். பதினோராவது வாரம் அந்தப் பெண் தனியாக ஒரு லாட் வெட்டினாள். ஜோடிக்குக் கம்பெனி அனுமதித்த தோல் அளவுக்குள் முடித்துவிட்டாள்.

அடுத்தது, தெரிந்ததை எழுதி வைப்பது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு நீள நோட்டு போட்டேன். ஊசி நம்பர், நூல், அங்குலத்துக்கு எத்தனை தையல், எந்த ஓரத்தை எத்தனை மில்லிமீட்டர் அகலம் சீவுவது, பசை போட்டு எவ்வளவு நேரம் காய விடுவது எல்லாம் அதில் இருக்கும். எழுத வராதவர்கள் போனில் பேசி அனுப்பினார்கள், என் மகள் கேட்டு எழுதினாள். ஆனால் நோட்டைவிட உதவியது ஒரு துண்டுக் கயிறு. மெஷினுக்கு மெஷின் இரண்டு துண்டு கட்டித் தொங்கவிட்டோம்: சரியாகத் தைத்தது ஒன்று, ரிஜெக்ட் ஆனது ஒன்று. புதிதாக வருகிற பெண் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தாலே பாதி பாடம் முடிந்துவிடும்.

சுவரில் ஒரு அட்டவணையும் வேண்டும். ஒரு பக்கம் ஆட்களின் பெயர், மேலே வேலைகளின் பெயர். ஒரு வேலை தனியாகச் செய்யத் தெரிந்தால் கட்டம் முழுக்கப் பச்சை, பக்கத்தில் ஒருவர் இருந்தால் செய்வார் என்றால் பாதிப் பச்சை. எழுதி மாட்டிய அன்று எனக்கே வயிற்றைக் கலக்கியது. சீவும் மெஷின் வரிசையில் ஒரே ஒரு பச்சை. அந்தப் பெண் கல்யாணமாகி வெளியூர் போனால் யூனிட் நின்றுவிடும். எந்த வரிசையில் ஒரு பச்சை மட்டும் இருக்கிறதோ, பயிற்சிப் பணம் முதலில் அங்கே போக வேண்டும்.

கற்றுக்கொடுத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுவார்களே என்று எல்லோரும் கேட்கிறார்கள். போவார்கள். நான் பழக்கிய ஆறு பேரில் இரண்டு பேர் பஸ் வசதி இருக்கிற பெரிய கம்பெனிக்குப் போனார்கள், எனக்கு வருத்தம்தான். மீதி நான்கு பேர் நிற்பதற்குக் காரணம், அட்டவணையில் ஒவ்வொரு புதுப் பச்சைக்கும் நான் சம்பளம் ஏற்றுவது. இரண்டு வேலை தெரிந்தவருக்கும் நான்கு வேலை தெரிந்தவருக்கும் ஒரே கூலி கொடுத்துவிட்டு, விசுவாசத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அரசு வழியில் கிடைப்பதையும் விடாதீர்கள். 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் அப்ரன்டிஸ் எடுத்தாக வேண்டும், நான்கு பேர் முதல் உள்ளவர்கள் விருப்பப்பட்டால் எடுக்கலாம். 2016இல் வந்த தேசிய அப்ரன்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் ஒரு பங்கை ஒன்றிய அரசு ஏற்கிறது. பதிவு ஆன்லைனில்தான், உங்கள் ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஒரு மதியத்தில் முடித்துக் கொடுப்பான். டிசைன், பேட்டர்ன் கற்க வேண்டிய ஆள் இருந்தால் கிண்டியில் மத்தியக் காலணிப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தோலில் சந்தேகம் என்றால் அடையாறில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். நம் ஊரிலிருந்து ரயிலேறினால் அன்று இரவே வீடு திரும்பலாம்.

புதுமை என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். எங்களுக்கு அது ரிஜெக்ட் பெட்டியில் தொடங்கியது. சனிக்கிழமை மதியம் மெஷின்களை அரை மணி முன்னால் நிறுத்தி, அந்த வார ரிஜெக்ட் துண்டுகளை மேஜையில் கொட்டுவோம். யார் தைத்தது என்று கேட்பதில்லை, அது கண்டிப்பான விதி. ஏன் இப்படி ஆனது என்று மட்டும்தான் பேச்சு. ஓரத் தையல் வளைவில் விலகுகிறது என்று மூன்று வாரம் தொடர்ந்து வந்தது. ஒரு டெய்லர் அக்கா, ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைத் தகட்டை வளைத்து ஒட்டினால் துண்டின் ஓரம் அதில் உரசிக்கொண்டே போகும் என்றார். வாணியம்பாடியில் ஒரு பட்டறையில் அடித்து வாங்கினேன். முதல் மெஷினில் ஒரு வாரம் பார்த்துவிட்டு, 14 மெஷினிலும் மாட்டினோம். அந்த அக்காவுக்கு எல்லோர் முன்னாலும் ஆயிரம் ரூபாய் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை ஐந்து பேர் யோசனையோடு வந்தார்கள்.

இது நம் மண்ணுக்குப் புதிதுமில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மா 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார். தன் கை ஒன்றே போதாது என்று கண்டு 1909இல் நர்ஸ் பயிற்சியும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அங்கேதான் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் புண் வருவதற்கு உணர்ச்சியற்ற பாதத்தில் விழுகிற அழுத்தமே பெரிய காரணம் என்று எடுத்துக்காட்டி, மிருதுவான மைக்ரோசெல்லுலர் ரப்பர் வைத்த செருப்புகளை உருவாக்க உழைத்தார். வேலூர் பக்கத்தில் கரிகிரியில் இருக்கிற தொழுநோய் ஆஸ்பத்திரிக்குள்ளேயே செருப்புப் பட்டறை உண்டு. புண்ணைப் பார்க்கிறவரும் செருப்பைத் தைக்கிறவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் அங்கிருந்துதான் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு, கம்பெனியின் லாஸ்டிங் பிரிவுக்கு மாதம் ஒருமுறை எங்கள் டெய்லர்கள் இரண்டு பேரை அனுப்ப அனுமதி கேட்டு வாங்கினேன். தாங்கள் தைத்த துண்டு அங்கே எப்படி இழுபடுகிறது என்று நேரில் பார்த்து வந்தவர்களுக்கு, தையல் ஏன் நெருங்க வேண்டும் என்று நான் கத்திச் சொல்ல வேண்டியதில்லை.

தொடங்க நினைத்தால் ஆர்டர் குறைந்த மாதத்தில் தொடங்குங்கள், ஷிப்மென்ட் நெருக்கத்தில் யாருக்கும் பொறுமை இருக்காது. பழகுவதற்கு நல்ல தோல் வேண்டாம், டெபிட் ஆகி நம்மிடமே தங்கிவிட்ட துண்டுகள் போதும். சொல்லிக்கொடுத்த நேரத்தின் பணத்தை மாதக் கடைசிக்குத் தள்ளாமல் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கூலிக் கவரோடு சேர்க்காமல் இன்னொரு கவரில் போட்டு, மேலே "சொல்லிக்கொடுத்ததற்கு" என்று எழுதிக் கொடுங்கள். முதல் கவரை வாங்கிய பாய் அதை எண்ணிப் பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "திங்கக்கிழமை அந்தப் பொண்ணைக் கொஞ்சம் சீக்கிரமா வரச் சொல்லும்மா" என்றார்.