பளபள வீலுக்குள் துருப்பிடித்த டிஸ்க்கா?

பென்ஸ், பிஎம்டபிள்யூ மாதிரி கார்களில் அலாய் வீலின் இடைவெளி பெரிது. உள்ளே பிரேக் டிஸ்க் துருவேறி நின்றால் பளிச்சென்று தெரியும். பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை) உரசும் பகுதியில் மழைக்குப் பிறகு படியும் செம்மண் நிறத் துருவைப் பற்றிக் கவலை வேண்டாம், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். நடுவில் தொப்பி போல் மேடாக இருக்கும் பகுதியில்தான் பேட் படுவதே இல்லை, துரு அப்படியே தங்கும்.

வண்டியை ஜாக்கியால் தூக்கி, தாங்கும் ஸ்டாண்டில் நிறுத்தி, வீலைக் கழற்றி, அந்த மேட்டை வயர் பிரஷ்ஷால் நன்றாகத் தேயுங்கள். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, காயட்டும். அப்புறம் பேட் உரசும் பகுதி, பேட்டைப் பிடித்திருக்கும் காலிப்பர், வீல் வந்து உட்காரும் முகம், போல்ட் துளைகள் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறையுங்கள். வீல் உட்காரும் இடத்தில் பெயின்ட் தடித்தால் போல்ட் பின்னால் தளரலாம். அதிகச் சூடு தாங்கும் சில்வர் பெயின்டை மெல்லிசாக இரண்டு, மூன்று கோட் அடித்தால் போதும். சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் சூட்டில் உரிந்துவிடும். துரு எடுக்கிறேன் என்று எண்ணெய் ஸ்ப்ரேயை மட்டும் அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பிரேக் பிடிக்காது. இரும்பு இல்லாமல் கார்பன் செராமிக் கலவையில் செய்த டிஸ்க் என்றால் வயர் பிரஷ்ஷே வேண்டாம். வீலை மாட்டும்போது போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவில் முறுக்குங்கள்.