கண்காணிப்பு கேமராவின் பொய் எச்சரிக்கைகளைக் குறைப்பது எப்படி?

வாசல் கேமரா காரணமில்லாமல் ஓயாது எச்சரிக்கை அனுப்பினால், வீட்டார் சலித்துப்போய் அறிவிப்பை அணைத்துவிடுகிறார்கள். அதன்பின் யாராவது உண்மையாகவே சுற்றுச்சுவரைத் தாண்டிக் குதித்தாலும் கைபேசி மௌனமாகவே இருக்கும். இதைத் தவிர்க்க நினைப்பவர்களில் பலர் முதல் வேலையாகச் செயலியைத் திறந்து உணர்திறனைக் குறைக்கிறார்கள். என் கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. ஏனெனில் உணர்திறன் குறையும்போது இலையின் அசைவோடு மனிதரின் அசைவும் விடுபட்டுப்போகும்.

முதலில் சில நாட்களின் பதிவுகளை எடுத்து, எந்த நேரத்தில் எதற்காக எச்சரிக்கை வந்தது என்று பாருங்கள். சாதாரண கேமராக்கள் அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, போதிய அளவு புள்ளிகளின் வெளிச்சம் மாறியிருந்தால் அதை அசைவு என்று கொள்கின்றன. ஆகவே தென்னங்கீற்றின் நிழல், கொடியில் காயும் வேட்டி, தெருமுனையில் திரும்பும் வண்டியின் விளக்கு ஆகிய எல்லாமே அவற்றுக்கு அசைவுதான். கொடியை இடம் மாற்றுவதும், லென்ஸுக்கு அருகில் நீண்டிருக்கும் கிளையை வெட்டுவதும் செயலியில் செய்யும் எந்த அமைப்பு மாற்றத்தையும்விட உறுதியான பலன் தரும்.

பொருத்தும் இடமும் முக்கியம். எட்டு முதல் பத்தடி உயரத்தில் வைத்துச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்தால், வானமும் சாலையும் படத்திலிருந்து பெருமளவு விலகிவிடும். பேட்டரி கேமராக்களில் பலவும் வெப்ப மாற்றத்தை அறியும் பி.ஐ.ஆர். சென்சாரை நம்பியிருக்கின்றன. அது நேராக எதிரே வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை எளிதில் உணரும் என்பதால், நடைபாதை படத்தின் குறுக்கே அமையும்படி வையுங்கள், ஏ.சி.யின் வெளி யூனிட்டை நோக்கி மட்டும் வைக்க வேண்டாம்.

தொல்லை அதிகம் தருவது இரவுதான். கேமராவில் உள்ள அகச்சிவப்பு விளக்குகள் லென்ஸைச் சுற்றியே அமைந்திருப்பதால், அதன் முன்னே பறக்கும் பூச்சி, மழைத்துளி, காற்றில் ஆடும் ஒற்றை ஒட்டடை இழை ஆகியவை மிக அருகிலிருந்து அந்த ஒளியைப் பெற்றுப் பெரிய வெண்கோடுகளாகத் தெரியும். மழை ஓய்ந்து ஈசல் கிளம்பும் இரவுகளில் இதை நன்றாகக் காணலாம். ஒட்டடையை வாரந்தோறும் மென்மையான துணியால் துடையுங்கள். அருகிலுள்ள சுவரோ சன்ஷேடின் விளிம்போ படத்துக்குள் வராதபடி திருப்புங்கள். அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி படத்தையே வெளுக்கச் செய்யும். இவற்றுக்குப் பின்னும் தொல்லை தொடர்ந்தால், கேமராவின் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, சில அடி தள்ளி ஒரு தனி விளக்கைப் பொருத்துவது சிறந்த வழி. பூச்சிகள் அந்த விளக்கையே மொய்க்கும். போதிய வெளிச்சம் இருந்தால், இருட்டில் படம் முழுவதும் துள்ளும் சிறு புள்ளிகளும் குறையும். அந்த விளக்கை இருட்டுவதற்கு முன்பே போட்டுவிட்டால், கேமரா பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாறும் நொடியில் எழும் பொய் எச்சரிக்கையையும் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இதன் பிறகே செயலிக்கு வாருங்கள். அசைவு மண்டலம் என்ற பகுதியில் கேட்டிலிருந்து கதவு வரையுள்ள இடத்தை மட்டும் வரைந்து, சாலையையும் அண்டை வீட்டு வாசலையும் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டாரின் அந்தரங்கத்துக்கும் அது நல்லது. மனிதரை மட்டும் அடையாளம் காணும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். பதிவு தொடர்ந்து நடக்கும்போதே, அறிவிப்பை மட்டும் குறிப்பிட்ட நேரங்களுக்கு வரையறுக்கவும் பல செயலிகளில் இடமுண்டு.

இப்போது உணர்திறனை ஒரு படி குறைத்து, வீட்டில் ஒருவரைக் கேட்டிலிருந்து கதவு வரை இயல்பாக நடக்கச் சொல்லுங்கள். பகலில் ஒரு முறையும், இரவில் கறுத்த உடையில் ஒரு முறையும் இதைச் செய்ய வேண்டும். இரண்டிலும் எச்சரிக்கை வந்தால் மேலும் ஒரு படி குறைக்கலாம். ஏதேனும் ஒன்றில் வராமல்போனால் முந்தைய படிக்குத் திரும்பி, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.