மருந்தடிப்பு மேற்பார்வை: செபராங் பிறைச் செம்பனைத் தோட்ட மண்டோர்களுக்கு

மருந்தடிப்பில் வரும் தவறுகளில் பெரும்பாலானவை, ஆள் பம்பைத் தோளில் மாட்டுவதற்கு முன்பே நடந்துவிடுகின்றன. ஸ்டோரில் எந்தத் தகரம் எடுக்கப்பட்டது, அளவுக் குவளை இருந்ததா, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்தாலே அன்றைய வேலை எப்படி முடியும் என்று தெரிந்துவிடும். நிபோங் தெபால், சுங்கை பக்காப், சிம்பாங் அம்பாட் பக்கத் தோட்டங்களில் காலை ஏழு மணிக்குப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும், வேலைக் குழுவை நடத்தும் மண்டோர் நிற்க வேண்டிய இடம் மருந்து கலக்கும் மேடை. ஆள்களை மர வரிசையில் விட்டுவிட்டுப் பிறகு வந்து பார்ப்பது மேற்பார்வை ஆகாது.

லேபிளிலிருந்து தொடங்குங்கள். மலேசியாவில் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட மருந்துக்கு மட்டுமே தோட்டத்தில் இடமுண்டு. தகரத்தில் 'எல்ஆர்எம்பி ஆர்1' (LRMP.R1) என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். அது இல்லாதது, லேபிள் கிழிந்தது, மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி யாரோ கொண்டுவந்தது எதுவும் ஸ்டோருக்குள் வரக்கூடாது. வாங்கும் கடைக்கு மருந்து விற்கும் உரிமம் உண்டா என்று கிராணியிடம் (தோட்ட எழுத்தரிடம்) ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்து, லேபிளில் செம்பனை பெயர் இருக்கிறதா, அடிக்கப்போகும் களையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். காய்கறிக்குப் பதிவான மருந்தைச் செம்பனைக் கன்று வளர்க்கும் மேடையில் அடித்தால், மருந்து நல்லதாக இருந்தாலும் செய்தது சட்டத்துக்குப் புறம்பானதுதான்.

லேபிளின் அடியிலுள்ள வண்ணப் பட்டை நச்சு வகுப்பைச் சொல்லும். கறுப்பும் சிவப்பும் முதல் வகுப்பு, அதாவது நச்சு மிகுந்தது. மஞ்சள் இரண்டு, நீலம் மூன்று, வெள்ளை நான்கு. முதல் வகுப்பு மருந்தைச் சாதாரணக் குழுவிடம் கொடுக்கவே கூடாது. வெள்ளைப் பட்டையைப் பார்த்துக் கையுறையைக் கழற்றுகிற பழக்கமும் இருக்கிறது. அந்தப் பட்டை மருந்தைத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடாது. தகரத்தில் இருப்பது கலக்காத கெட்டி மருந்து.

பராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 ஜனவரி 1 முதல் இங்கே தடை. குளோர்பைரிபோஸ், கார்போபியூரான் என்ற பூச்சிமருந்துகள் இரண்டுக்கும் 2023 மே முதல் விவசாயத்தில் தடை. பழைய ஸ்டோர் மூலைகளில் இவை இன்னும் கிடக்கலாம். 'வீணாகிறதே, அடித்துத் தீர்த்துவிடலாம்' என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தனியாகப் பூட்டிவைத்து, எத்தனை தகரம், எத்தனை லிட்டர் என்று எழுதி, அட்டவணைக் கழிவாக (சட்டம் பட்டியலிட்ட அபாயக் கழிவாக) அப்புறப்படுத்தும்படி நிர்வாகியிடம் எழுத்தில் கொடுங்கள்.

பம்பை அளந்து பார்ப்பது

இதைச் செய்யாத தோட்டங்களில்தான் மருந்துச் செலவு கூடும், களையும் சாகாது. ஆளுக்கு ஆள் நடை வேறு, பம்புக்குப் பம்பு நாசல் (மருந்து பீய்ச்சும் முனை) வேறு. அதனால் ஒவ்வொருவரையும் அவரவர் பம்போடு தனித்தனியாக அளக்க வேண்டும். வெறும் தண்ணீர் போதும்.

பம்பில் தண்ணீர் நிரப்பி, வழக்கமான வேகத்தில் கைப்பிடியை அடிக்கச் சொல்லி, நாசலிலிருந்து ஒரு நிமிடம் வருவதை அளவு ஜாடியில் பிடியுங்கள். காய்ந்த சிமெண்டுத் தரையில் அடிக்கச் சொல்லி, நனைந்த பட்டையின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு வேலை நடக்கும் அதே புல் தரையில், நிறைந்த பம்போடு ஒரு நிமிடம் நடக்கவிட்டுத் தூரத்தைக் குறியுங்கள். தார் ரோட்டில் நடக்கவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

கணக்கு இது: நிமிடத்துக்கு வரும் லிட்டரை 10,000ஆல் பெருக்கி, அகலத்தையும் நடந்த தூரத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 1.2 லிட்டர் வருகிறது, அகலம் 1.2 மீட்டர், நடை 40 மீட்டர் என்றால், 12,000ஐ 48ஆல் வகுக்க ஹெக்டருக்கு 250 லிட்டர். லேபிள் ஹெக்டருக்கு 3 லிட்டர் மருந்து என்று சொன்னால், 16 லிட்டர் பம்புக்கு 192 மில்லி. மூடிக் கணக்கெல்லாம் வேண்டாம். மூடிகள் ஒரே அளவில் வருவதில்லை.

புது நாசல் தருவதைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகத் தண்ணீர் வந்தால், அதாவது 1.2 லிட்டர் வர வேண்டிய இடத்தில் 1.32 வந்தால், நாசல் தேய்ந்துவிட்டது; மாற்றுங்கள். அடைத்த நாசலைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும், வாயால் ஊதினால் மருந்து வாய்க்குள் போகும். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றைக் கலக்கும் மேடையில் கட்டிவிடுங்கள்.

இனி அதிகம் பேர் தடுக்கி விழும் இடம். லேபிள் சொல்லும் ஹெக்டர், மருந்து படும் நிலத்தின் ஹெக்டர். மரம் நட்ட ஹெக்டர் அல்ல. மரத்தைச் சுற்றி 2 மீட்டர் ஆரத்தில் வட்டம் மட்டும் அடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டம் 12.57 சதுர மீட்டர். ஹெக்டருக்கு 136 மரம் என்றால் மருந்து படுவது ஏறக்குறைய 1,710 சதுர மீட்டர், அதாவது 0.17 ஹெக்டர். எனவே மேலே கண்ட 250 லிட்டர் கணக்குப்படி ஒரு நட்ட ஹெக்டருக்குத் தேவை ஏறக்குறைய 43 லிட்டர் கலவை, அதாவது மூன்று பம்புக்கும் கொஞ்சம் குறைவு. அதில் மருந்து அரை லிட்டர்தான். இது புரியாமல் ஹெக்டருக்கு 3 லிட்டர் என்று ஸ்டோரிலிருந்து எடுத்து வட்டத்திலேயே தீர்த்தால், லேபிள் அளவைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு மண்ணில் இறங்குகிறது. மாலையில் தகரம் காலி, கணக்கும் சரி, யாருக்கும் சந்தேகம் வராது. அன்று அடித்த மரங்களின் எண்ணிக்கையையும் தீர்ந்த மருந்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் இது பிடிபடும்.

கலக்கும்போது

அடர் மருந்தைக் கையாளும் நேரம் இதுதான். உடம்புக்குள் மருந்து பெரும்பாலும் தோல் வழியாகப் போகிறது. நைட்ரைல் கையுறை, முகத்தடுப்பு, நீர் புகாத ஏப்ரன், ரப்பர் பூட்ஸ் நான்கும் இல்லாமல் தகரத்தைத் திறக்க விடாதீர்கள். துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிவைக்கும், வெறுங்கையைவிட மோசம். தரையில் அடிக்கும்போது சட்டையின் கை கையுறைக்கு மேலே இருக்கட்டும். கால்சட்டை எப்போதும் பூட்ஸுக்கு வெளியே. பூட்ஸுக்குள் சொருகினால் வழிந்த மருந்து காலடியில் தேங்கி நாள் முழுக்க ஊறும். மெல்லிய துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. லேபிள் சுவாசக் கவசம் கேட்டால் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் வேண்டும். மணம் உள்ளே வரத் தொடங்கினால் அது தீர்ந்துவிட்டது.

இந்த உடுப்புக்கு ஆள்களிடம் காசு பிடிப்பது 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம்.

தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். கடற்கரையோரக் களிமண் தோட்டங்களில் பக்கத்துக் கால்வாயிலிருந்து கலங்கல் தண்ணீரை மொண்டு கலந்துவிட்டு, 'அளவு பத்தலண்ணே, கூட ரெண்டு மூடி ஊத்துனாதான் லாலாங் சாகும்' என்று ஆள்கள் சொல்வார்கள். மருந்து கூட்டித் தீரும் விஷயமில்லை அது. தண்ணீர் டாங்கி லாரியில் வர வேண்டும். அதோடு, கால்வாயில் பம்பை முக்கி நிரப்பினால் உள்ளே இருந்த மருந்தும் தண்ணீரோடு போய்விடும்.

பம்பில் பாதித் தண்ணீர் ஊற்றி, அளந்த மருந்தைச் சேர்த்து, அளவுக் குவளையைக் கழுவிய நீரையும் அதிலேயே விட்டு, மீதியை நிரப்பவும். மெட்சல்பூரான் போன்ற தூள் களைக்கொல்லி கிராம் கணக்கில்தான் போகும். சிறிய தராசு இல்லாமல் தொடாதீர்கள். முதலில் தூள், பிறகு நீர்மம், கடைசியில், மருந்தை இலையில் ஒட்டவைக்கும் ஒட்டுப்பசை. மெட்சல்பூரான் அடித்த பம்பை அமோனியா கலந்த நீரில் ஊறவைத்துக் கழுவாமல் கன்று மேடைக்கோ காய்கறிக்கோ கொண்டுபோனால், கண்ணுக்குத் தெரியாத மிச்சமே இலையைச் சுருட்டிவிடும்.

காற்று: முகத்தில் இலேசாகப் பட்டு இலை சலசலத்தால் அடிக்கலாம், சிறு கிளை அசையத் தொடங்கினால் நிறுத்துங்கள். இங்கே பகல் ஏற ஏறக் கடல்காற்று கிளம்புவதால் காலை வேலையே உகந்தது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மழை வரும்போல இருந்தால் கிளைபோசேட் வீண். கால்வாய், கிணறு, லைன் வீட்டு (தொழிலாளர் குடியிருப்பு) ஓரம் ஆகியவற்றுக்கு இடைவெளி விடுங்கள்; அடித்த பிளாக்கின் தலையில் சிவப்புக் கொடி, மறுபடி நுழையும் நேரம் லேபிளில் உள்ளபடி.

கர்ப்பமான, பால் கொடுக்கும் பெண்களை மருந்து வேலையில் போடக் கூடாது. நம் குழுக்களில் அக்காமார் நிறைய இருப்பதால் இதைத் தனியாகக் கேளுங்கள், பெரட்டில் எல்லார் முன்பும் கேட்காதீர்கள். வேலை மாறினால் சம்பளம் குறையும் என்ற பயத்தில் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. முதலில் அந்தப் பயத்தை நிர்வாகி தீர்த்துவைக்க வேண்டும்.

நிர்வாகத்தின் கடமைகளில் மண்டோர் கேட்டுப் பார்க்க வேண்டியவை: 2000ஆம் ஆண்டு இரசாயன விதிமுறைகளின்படி எழுதிய சுகாதார இடர் மதிப்பீடு, அதை ஐந்து ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தல், மதிப்பீடு கேட்டால் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அடிக்கும் ஆள்களுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு மிகாத இடைவெளியில் மருத்துவக் கண்காணிப்பு. அந்தப் பதிவுகளை 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மலாயும் ஆங்கிலமுமான பாதுகாப்புத் தரவுத் தாள் ஸ்டோரில் தொங்க வேண்டும். குழுவில் வங்காளதேசத்து, இந்தோனேசிய ஆள்கள் இருந்தால் அதை அவர்கள் மொழியில் வாயால் விளக்குங்கள். கையெழுத்து மட்டும் வாங்குவது போதாது.

காலித் தகரத்தில் கால்வாசி நீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, பம்பிலேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று முறை. பிறகு அடியில் ஓட்டை போடுங்கள், இல்லையென்றால் அது யாருடைய வீட்டிலாவது தண்ணீர்த் தொட்டியாகிவிடும். கழுவாத தகரம் எஸ்டபிள்யூ 409 என்ற குறியீட்டில் வரும் அட்டவணைக் கழிவு. எரிப்பது, புதைப்பது இரண்டும் கூடாது. உடுப்பை வீட்டுக்கு எடுத்துப்போக விடாதீர்கள், தோட்டத்திலேயே துவைத்துக் காயட்டும்.

ஆள் மயங்கினால்

மருந்து பட்ட துணியைக் கழற்றி, சோப்பும் நிறையத் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். கண்மணி குண்டூசி முனையாகச் சுருங்குவது, எச்சில் வழிவது, தசை துடிப்பது ஆர்கனோபாஸ்பேட் நஞ்சின் அடையாளம். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. குளுபோசினேட் என்ற களைக்கொல்லியை விழுங்கியவர் முதலில் நன்றாகவே இருப்பார், பல மணி நேரம் கழித்து வலிப்பு வரும்; 'ஒண்ணுமில்ல' என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். 999ஐ அழையுங்கள், அல்லது சுங்கை பக்காப், செபராங் ஜெயா மருத்துவமனைகளில் பக்கத்தில் உள்ளதற்குக் கொண்டுபோங்கள். லேபிளைக் கூடவே எடுத்துச் செல்லுங்கள். தகரம் ஒழுகினால் போனில் லேபிளைப் படம் எடுத்தாலும் போதும். பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள தேசிய நஞ்சு மையத்தின் எண் 1-800-88-8099. இதைக் கலக்கும் மேடையில் பெயிண்டில் எழுதிவையுங்கள், காகிதம் மழையில் கிழிந்துவிடும்.