ஏல இலையிலிருந்து கிரிட் வரை

குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இளம் இலையின் நடுநரம்பிலிருந்து ஓரம்வரை வெளிர்பச்சைக் கோடு ஓடினால், அம்மா தூரத்திலிருந்தே "கட்டே வந்துருச்சு" என்பார். கட்டே என்பது ஏலச்செடியைத் தாக்கும் வைரஸ் நோய். அந்தக் கோட்டுக்குள் இருக்கும் நூலிழை வைரஸை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கத் தயார்செய்வதுதான் என் வேலை.

கோடு தெளிவாகத் தெரியும் இளம் இலையையே எடுங்கள். முற்றிய இலையில் நாரும் கறையும் அதிகம். நகக்கண் அளவுத் துண்டை இரண்டு மூன்று சொட்டு பாஸ்பேட் பஃபரில் (அமில-காரத் தன்மை மாறாமல் காக்கும் கரைசல்; 0.1 மோலார், பிஎச் 7) நசுக்குங்கள். சாறு பழுப்பேறாமலிருக்கப் பஃபரில் கொஞ்சம் சோடியம் சல்பைட் சேர்க்கிறேன். சக்கையைச் சற்று நேரம் படியவிட்டு, மேல்தெளிவை மட்டும் பாராஃபிலிமில் (மெழுகுத் தாளில்) ஒரு சொட்டு வையுங்கள்.

கார்பன் பூசிய செம்புக் கிரிட் (மாதிரியைத் தாங்கும் வட்டச் சல்லடை) 3 மில்லிமீட்டர்தான். விளிம்பை மட்டும் கிடுக்கியால் பிடிக்க வேண்டும். கார்பன் தண்ணீரை ஒட்டவிடாது. அதனால் குளோ டிஸ்சார்ஜ் (மின்னேற்றிய வாயுவில் காட்டி நீர் ஒட்டவைப்பது) செய்து, அன்றைக்கே பயன்படுத்துங்கள். பூசிய பக்கம் கீழே இருக்கும்படி சொட்டின்மேல் ஐந்து நிமிடம் மிதக்கவிடுங்கள்.

அடுத்துக் கழுவுவது. இதில் அவசரம் கூடவே கூடாது. முதல் வருடம் நான் ஒரே சொட்டு நீரில் கழுவிவிட்டுச் சாயம் வைத்தேன். மிச்சமிருந்த பாஸ்பேட், சாயமான யுரேனைல் அசிடேட்டோடு சேர்ந்து திரிந்து, திரை முழுக்கக் கறுப்புப் படிகம். வைரஸ் ஒன்றுகூடத் தெரியவில்லை. பத்து மைல் நடந்து பறித்து வந்த இலை வீணானது இன்றும் மனதை உறுத்துகிறது. இப்போது பத்துச் சொட்டு காய்ச்சி வடித்த நீரில் ஒவ்வொன்றாய்த் தொட்டெடுக்கிறேன். நடுவில் கிரிட் காயவே கூடாது.

பிறகு 2% யுரேனைல் அசிடேட்டில் அரை நிமிடம். அது கதிரியக்கம் உள்ள நச்சு உப்பு. கையுறை கட்டாயம், கழிவைத் தனிப் புட்டியில் சேருங்கள். வெளிச்சத்தில் கெடும், எனவே புட்டியை அலுமினியத் தாளால் சுற்றி வைத்து, எடுக்கும்போது வடிகட்டுங்கள்.

வடிதாளின் கூர்முனையைக் கிரிட்டின் விளிம்பில் தொட்டு உறிஞ்சுங்கள். மொத்தமாய் உறிஞ்சினால் வைரஸைச் சுற்றிச் சாயம் நிற்காது, அதிகம் விட்டால் எல்லாம் இருண்டுவிடும். மெல்லிய ஈரப்படலம் மிஞ்சும் நொடியில் தாளை எடுக்க வேண்டும். அந்த நொடி கைக்குப் பிடிபட எனக்கு நாற்பது கிரிட் ஆயிற்று.

கூடவே புகையிலை மொசைக் வைரஸ் கிரிட் ஒன்றும் செய்யுங்கள்: 300 நானோமீட்டர் நீளம், 18 அகலம், நேரான குச்சி. அது தெரிந்தால் சாயம் சரி. இந்த முறையில் சுமார் 2 நானோமீட்டரைவிடச் சிறிய நுணுக்கம் தெரியாது; அதற்கு வைரஸைச் சுத்திகரித்து, திரவ ஈத்தேனில் உறையவைக்கும் கிரையோ முறை வேண்டும்.

மழைக்காலத்தில் கிரிட் பெட்டியைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். எந்தக் குழியில் எந்தச் செடி என்பதை உடனே எழுதிவிடுங்கள்.