பரணில் கிடந்த பெட்டியில் யூதக் குடும்பத்தின் படங்களும் கடிதங்களும் இருந்தால் என்ன செய்ய வேண்டும்

ஏற்காட்டில் பழைய எஸ்டேட் பங்களா ஒன்று கை மாறும்போது மேஜை நாற்காலியோடு பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டியும் மலையிறங்கிவிடும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு கடையில் எடைக்குப் போட்டுவிட்டால் அதோடு போச்சு. உள்ளே இருப்பது துரைமார் குடும்பத்துப் படங்கள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் படத்தின் பின்னால் வியன்னா, பெர்லின், பிராக் என்று ஸ்டுடியோ முத்திரையோ, கழுகுச் சின்னம் போட்ட ஜெர்மன் பாஸ்போர்ட்டோ, எபிரேய எழுத்தில் ஒரு கடிதமோ கண்ணில் பட்டால் அங்கேயே கையை நிறுத்துங்கள். அது நாஜிகளிடமிருந்து தப்பிய ஒரு யூதக் குடும்பத்தினுடையதாக இருக்கலாம்.

நம் ஊருக்கு அது எப்படி வரும் என்று கேட்பீர்கள். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு ஓடிப் பிழைத்தவர்களில் கொஞ்சம் பேர் இந்தியாவுக்கும் வந்தார்கள். மருத்துவர்கள், பொறியாளர்கள், இசைக் கலைஞர்கள். ஆல் இந்தியா ரேடியோவின் அடையாள இசையை அமைத்த வால்டர் காஃப்மன் 1934-இல் பம்பாய் வந்தவர், மைசூர் சமஸ்தானத்தில் கட்டடக் கலைஞராக இருந்த ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939-இல் வந்தவர். அந்த ஆண்டு செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிரிட்டிஷ் அரசு ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களை எதிரி நாட்டவர் என்று பிடித்தது, அதில் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதர்களும் சேர்ந்து அகமத்நகர் முகாமில் அடைபட்டார்கள், பிறகு விசாரித்துப் பலரை விட்டார்கள். போர் முடிந்ததும் நிறையப் பேர் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இஸ்ரேல் என்று கிளம்பிவிட்டார்கள், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக யாராலும் முடியாது. இதைத் தவிர இன்னொரு வழியும் இருக்கிறது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் சேலத்துப் பிள்ளைகள் அங்கே பழைய பொருள் சந்தையில் அழகாக இருக்கிறதே என்று ஒரு ஆல்பம் வாங்கி வருவார்கள், அது யாருடையது என்று பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் வேலை, எதையும் பிரிக்காமல் இருப்பது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரி மனதில் நின்றால் போதும் என்றால் அது இதுதான். ஹோலோகாஸ்ட் என்று சொல்லப்படும் நாஜிகளின் இனப்படுகொலையில் சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள், அவர்களில் எத்தனையோ பேருக்குக் கல்லறை கிடையாது, ஒரு படம்கூட மிஞ்சவில்லை. பெயர் எழுதாத ஒரு சின்னப் பெண்ணின் படம் தனியாகக் கிடந்தால் அது வெறும் படம். அதே படம் முகவரி எழுதிய உறைக்குள் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு தெரு இருக்கிறது, ஒரு அம்மா இருக்கிறாள், தேடினால் பெயரும் கிடைக்கும். அதனால் பெட்டியைத் திறந்தவுடன் எதையும் எடுக்காமல் இருந்தபடியே போனில் படம் எடுங்கள், ஒவ்வொரு அடுக்கு எடுக்கும்போதும் ஒரு படம். எது எதோடு இருந்தது என்பதுதான் பெரிய சாட்சி. ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். தபால்தலைக்காக உறையை வெட்டாதீர்கள், அந்த முத்திரையில்தான் தேதியும் ஊரும் இருக்கிறது. இணையத்தில் இந்த மாதிரிக் கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விற்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள், நல்ல விலை சொல்வார்கள், கொடுக்காதீர்கள். ஒரு குடும்பம் பத்துப் பேர் வீட்டு அலமாரியில் சிதறிப் போனால் திரும்பச் சேர்க்கவே முடியாது.

அடுத்தது ஈரம். போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த கெட்டோ என்ற பகுதியில் இருந்த வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்ப்ளூமும் அவருடைய தோழர்களும் அங்கே நடந்ததை எல்லாம் ரகசியமாகச் சேகரித்து, தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் வைத்து 1942, 1943-இல் மண்ணுக்குள் புதைத்தார்கள். தகரப் பெட்டிகளை 1946-இல் தோண்டி எடுத்தபோது தண்ணீர் புகுந்து பல தாள்கள் நைந்திருந்தன, 1950-இல் கிடைத்த பால் கேன்களில் இருந்தவை எவ்வளவோ நன்றாக இருந்தன. ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் பல வருடம் கிடந்த பெட்டிக்கும் இதே ஆபத்துதான். பூஞ்சை பிடித்திருந்தால் வெயிலில் காயப் போடாதீர்கள், சேலத்து மே மாத வெயில் ஒரே மதியத்தில் படத்தைச் சுருட்டிவிடும். நிழலான அறையில் மின்விசிறியை நேராகப் படாமல் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, தாள்களைப் பருத்தித் துணி மேல் பரப்பி ஆறவிடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் வெளியில் வைத்துத் துடைக்கலாம். ஒட்டிக்கொண்ட படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம், அப்படியே விட்டுவிட்டு ஆவணப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வசம்பு, வேப்பிலை, அந்துருண்டை எல்லாம் நம் வீட்டுப் பழக்கம், ஆனால் படத்தோடு சேர்த்து வைக்காதீர்கள், இலையின் ஈரம் கறை போடும். செல்லோடேப் கூடாது. லேமினேஷன் கூடவே கூடாது, அதைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேபிள் பின்னை மெதுவாக நீக்கிவிட்டு அந்தத் தாள்களை ஒரே காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டும் என்றால் பாலிப்ராப்பிலீன் அல்லது பாலியெஸ்டர், பிவிசி வேண்டாம். படத்தின் பின்னால் எண் போட வேண்டுமென்றால் மெல்லிய 2பி பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் பதிக்கும். பழைய ஃபிலிம் சுருள் இருந்து அதிலிருந்து காடி வாசனை வந்தால் அதைத் தனியாக, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். 1950-களின் தொடக்கம் வரை சிலவகை ஃபிலிம் நைட்ரேட்டில் செய்யப்பட்டது, அது சட்டென்று தீப்பிடிக்கும், அதனால் எந்தப் பழைய ஃபிலிமும் அடுப்பு, விளக்குப் பக்கம் போகக் கூடாது.

ஸ்கேன் செய்யும்போது இரண்டு பக்கமும் எடுங்கள், பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும். சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ, தீப்பெட்டி அளவு படத்துக்கு 1200, டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் ஜன்னலோர வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் போனே போதும். எபிரேய எழுத்து வலமிருந்து இடம் ஓடும், ஆகவே பக்க வரிசையை மாற்றிவிடாதீர்கள். ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: செயற்கை நுண்ணறிவு ஆப்பில் போட்டு வண்ணம் ஏற்றுவது, முகத்தைத் தெளிவாக்குவது எல்லாம் வேண்டாம். அந்த ஆப் இல்லாத கண்ணையும் இல்லாத உதட்டையும் வரைந்து கொடுக்கும். தன் பாட்டியின் முகத்தை முதல்முறையாகப் பார்க்கப் போகிறவருக்கு அவருடைய பாட்டியின் முகம்தான் வேண்டும்.

இனி வாசிப்பது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தில் சிவப்பில் பெரிதாக ஜே என்ற எழுத்து இருந்தால், அது 1938 அக்டோபரிலிருந்து யூதர்களின் ஜெர்மன் பாஸ்போர்ட்டில் போடப்பட்ட முத்திரை. 1939 ஜனவரி முதல், நாஜிகளின் பட்டியலில் யூதப் பெயர் என்று இல்லாத பெயர்களை வைத்திருந்த ஆண்கள் இஸ்ரேல், பெண்கள் சாரா என்று கூடுதலாக ஒரு பெயர் சேர்க்கக் கட்டாயப்படுத்தினார்கள், அதனால் ‘சாரா’ என்று பார்த்தவுடன் அதுதான் அவர் பெயர் என்று எழுதிவிடாதீர்கள், பெற்றோர் வைத்த பெயர் பக்கத்திலேயே இருக்கும். அடையாள அட்டையில் முகத்தைத் திருப்பி இடது காது தெரிய நின்றிருப்பார்கள், அதுவும் சட்டம். செஞ்சிலுவைச் சங்கப் படிவத்தில் மிகச் சின்னக் கடிதம் இருந்தால், போர்க்காலத்தில் எதிரி நாடுகளுக்கு இடையே 25 சொற்கள்தான் அனுமதி, பதிலைப் பின்பக்கத்திலேயே எழுதினார்கள், அதனால் திருப்பிப் பாருங்கள். அதில் ‘அம்மா ஊருக்குப் போய்விட்டாள்’ என்கிற மாதிரி இருந்தால் கவனம், நாடு கடத்தப்பட்டதை அப்படித்தான் மறைத்து எழுத முடிந்தது.

ஜெர்மன் தெரிந்தவராலும் கையெழுத்தைப் படிக்க முடியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், அது கூரெண்ட் என்ற பழைய எழுத்துமுறையாக இருக்கும், டிரான்ஸ்க்ரிபஸ் என்ற மென்பொருள் ஓரளவு படித்துக் கொடுக்கும். ஊர்ப்பெயர்களும் மாறியிருக்கும். பிரெஸ்லாவ் இன்று போலந்தின் விராட்ஸ்வாஃப், பிரெஸ்பர்க் இன்று பிராட்டிஸ்லாவா, லெம்பெர்க் இன்று உக்ரைனின் லிவீவ். இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், தேடும்போது இரண்டும் வேண்டியிருக்கும்.

பெயர் கிடைத்ததும் தேடும் இடங்கள் இலவசம். எருசலேமில் கொல்லப்பட்ட யூதர்களுக்காக அமைந்த யாத் வஷேம் நினைவகத்தின் பெயர்ப் பட்டியலில் கொல்லப்பட்ட 48 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன, பலவற்றை உறவினர்களே படிவம் நிரப்பிக் கொடுத்தார்கள், கொடுத்தவர் பெயரும் அதில் இருக்கும், உறவைத் தேடும் நூல்முனை அதுதான். ஜெர்மனியில் பாட் ஆரோல்சன் ஊரிலுள்ள ஆரோல்சன் ஆவணக்காப்பகத்தில் சுமார் ஒரு கோடியே 75 லட்சம் பேரைப் பற்றிய ஆவணங்கள் இருக்கின்றன, நாஜி முகாம்களில் பறிக்கப்பட்ட கைக்கடிகாரம், மோதிரம், படங்களை வாரிசுகளிடம் திருப்பிக் கொடுக்கும் வேலையையும் அவர்கள் செய்கிறார்கள். இந்தியாவில் முகாமில் இருந்தவர் என்று தெரிந்தால் டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் அபிலேக் படல் இணையதளத்திலும் பாருங்கள்.

உறவினர் கிடைத்துவிட்டால் அவசரப்பட்டுப் படங்களை அனுப்பிவிடாதீர்கள். அவருக்கு அது எந்த நாளில், எந்த மனநிலையில் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. முதல் கடிதத்தில் நீங்கள் யார், சேலம் எங்கே இருக்கிறது, பெட்டி எப்படிக் கிடைத்தது, எந்தப் பெயர்கள் இருக்கின்றன என்று மட்டும் எழுதி, பார்க்க விருப்பமா என்று கேளுங்கள். காசு வேண்டாம் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள், ஏமாற்றுக்காரர்களைப் பார்த்துச் சலித்தவர்கள் அவர்கள். அவர்கள் சரி என்று சொல்லும் வரை ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஒரு படம்கூடப் போடக் கூடாது. சிலர் வேண்டாம் என்று சொல்வார்கள், அதையும் மதியுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

மூலத்தை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் ஒரு சட்ட விஷயம். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 75 ஆண்டுக்கு மேல் பழமையான, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்களும் தொல்பொருள் கணக்கில் வரும், அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. கூரியரில் போடும் முன் சென்னையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள். அதுவரை ஸ்கேன்கள் போகட்டும்.

வாரிசு யாருமே இல்லை என்றால் யாத் வஷேம், வாஷிங்டனின் ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம், லண்டனின் வீனர் நூலகம், நியூயார்க்கின் லியோ பேக் நிறுவனம், இவர்களில் ஒருவருக்கு எழுதலாம், ஜெர்மன் மொழி பேசிய குடும்பம் என்றால் நான் லியோ பேக்கைத்தான் முதலில் கேட்பேன். கொடுக்கும்போது எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். தொகுப்பைப் பிரிக்கக் கூடாது, பின்னால் குடும்பத்தார் வந்தால் பார்க்க விட வேண்டும், பெட்டி ஏற்காட்டில் கிடைத்தது என்று பதிவில் இருக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும், வரவில்லை என்றால் இன்னொரு முறை எழுதுங்கள், அதுவரை பெட்டி உங்கள் வீட்டின் உள்ளறை அலமாரியில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில், கரையான் எட்டாத இடத்தில் இருக்கட்டும்.